செல்லதுரை வீட்டு ரெண்டு சீட் கார்

அந்தக் காரைப் பற்றி முப்பிடாதிக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இடது கதவின் அடியில் நகம் அளவுக்கு ஒரு கீறல், டிக்கி மூடியில் யாரோ சாவியால் இழுத்த கோடு, மழைக்காலத்தில் துணிக் கூரை எந்த மடிப்பில் ஒழுகும், எந்த இடுக்கில் மணல் சேரும், எல்லாம் அத்துப்படி. வைட்டிலாவுக்குப் பக்கத்தில் கார் கழுவிப் பாலீஷ் போடும் கடையில் அவளுக்கு வேலை. பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்தவள், இப்போது வயது பத்தொன்பது. மாதத்துக்கு இரண்டு தடவை அந்தக் கார் அங்கே குளிக்க வரும். காய்ந்த மிளகாய் நிறம், இரண்டே கதவு, மடக்கி வைக்கிற கூரை, தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு. ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்வதெல்லாம் உருவத்தை வைத்துத்தான். வேகம் என்று பார்த்தால், பின்னால் வரும் தனியார் பஸ்காரன் ஹாரன் அடித்தே ஓரம் கட்டிவிடுவான். இருக்கட்டுமே, அவ்வளவு அழகை வைத்துக்கொண்டு வேகம் வேறு எதற்கு?

கழுவும் மேடையிலிருந்து துடைக்கும் மேடைக்கு வண்டியை நகர்த்த வேண்டும். பன்னிரண்டடி தூரம். மற்ற கார்களை யார் வேண்டுமானாலும் நகர்த்தலாம். மிளகாய்க் கார் வந்தால் மட்டும் கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு முப்பிடாதி ஓடிவந்துவிடுவாள். முதல் கியர், கொஞ்சம் கிளட்ச், பன்னிரண்டடி, பிரேக். பதினெட்டு முடிந்ததும் முதல் வேலையாக லைசென்ஸுக்கு ஹெச் வடிவத்தில் வண்டி ஓட்டிக் காட்டிப் பாஸாகி வந்தாள். ஆனாலும் அவள் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்ததெல்லாம் அந்தப் பன்னிரண்டடியைத்தான்.

காருக்குச் சொந்தக்காரர் பினு சேட்டன், காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். மார்கழி பிறந்த வாரம் காரைக் கழுவ விட்டுவிட்டு, விற்கப்போவதாகச் சொன்னார். முப்பிடாதிக்குக் கையிலிருந்த ஷாம்பு நுரை வழிந்து முழங்கை வரைக்கும் வந்துவிட்டது.

"எந்தினா சேட்டா விற்கறது?"

"மோளே, ஞங்ஙள் இப்போ மூணு பேரா. குஞ்ஞினெ டிக்கியில் இருத்தான் பற்றுமோ?" என்று சிரித்தார் பினு. இரண்டு சீட் வண்டியில் புருஷன், பெண்டாட்டி உட்கார்ந்துவிட்டால், பிறந்து நாற்பது நாள் ஆன குழந்தையை டிக்கியிலா போட முடியும்? நியாயமான கேள்விதான். முப்பிடாதியும் தலையை ஆட்டி ஆமோதித்தாள். தன் வீட்டில் நாலு பேர் இருக்கிறார்களே என்ற எண்ணம் அந்த நிமிஷத்தில் அவளுக்கு வரவே இல்லை. சத்தியமாக வரவில்லை. இரண்டு வருடமாகச் சேர்த்த சம்பளம் அக்கவுண்டில் இருக்கிறது, கார் கண்ணெதிரே நிற்கிறது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. வேறு ஒருவர் கூடுதல் விலைக்குக் கேட்டும், என்னைவிட இதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள் நீதான் என்று பினு அவளுக்கே கொடுக்கச் சம்மதித்தார். என்ன விலை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

வீட்டில் வந்து, "நான் ஒரு கார் வாங்கப்போறேன்" என்று மட்டும் சொன்னாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் அப்பா செல்லதுரைக்கு மட்டாஞ்சேரி பஜாரில் சுமை தூக்கும் வேலை. நீலச் சட்டை போட்ட பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். மிளகு, சுக்கு, ஏலக்காய் என்று கிட்டங்கிகளுக்கு வருகிற, போகிற மூட்டையெல்லாம் அவர் குரல் கேட்டுத்தான் ஏறும், இறங்கும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. மூத்தவளுக்குக் குலசாமி பேரை வைத்தவர், இளையவள் பிறப்பதற்குள் கொச்சிக்காரராகி அவளுக்கு மஞ்சுஷா என்று பேர் வைத்துவிட்டார். ஆனால் சித்திரை மாதம் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகாமல் இருந்ததில்லை. மனைவி வசந்தி கார்ப்பரேஷனில் தெருப் பெருக்குகிற வேலைக்கு அந்த ஒரு தடவைதான் சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு போடுவாள். நாலு பேரும் மூட்டை முடிச்சோடு பஸ் மாறி பஸ் மாறி, நசுங்கிக் கசங்கிப் போய் இறங்குவார்கள்.

கார் என்ற சொல் காதில் விழுந்ததும் செல்லதுரை மனசில் நாலு கதவும் ஒரேயடியாகத் திறந்துகொண்டன. அன்று சாயங்காலமே சாயாக்கடையில் சொல்லிவிட்டார். மறுநாள் கிட்டங்கியில் சொன்னார். அதோடு விட்டாரா? ஊரில் இருக்கும் அக்கா மூக்கம்மாளுக்குப் போன் போட்டு, "இந்த வருசம் கொடைக்குக் குடும்பத்தோட கார்ல வாறோம். பந்தல் போடையில கார் நிக்க எடம் விட்டுப் போடச் சொல்லு" என்றார். சித்திரைக்கு இன்னும் நாலு மாதம் கிடந்தது.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு முப்பிடாதி போனில் போட்டோவைக் காட்டினாள். மஞ்சுஷா, "சேச்சி, அடிபொளி!" என்று கத்தினாள். வசந்தி, "செகப்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள். செல்லதுரை போனைக் கையில் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். அடுத்த படத்துக்குத் தள்ளினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பின்னாடி சீட்டு எங்க?"

"பின்னாடி சீட்டு கெடையாதுப்பா. இது ரெண்டு சீட்டு வண்டி."

"ரெண்டு சீட்டா?"

"ஆமாப்பா. ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான் இருக்கும்."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கத்துவார், இவளும் கத்துவாள், வசந்தி இரண்டு பேரையும் பார்த்துக் கத்துவாள், அதோடு தீர்ந்துபோகும். அவர் கத்தவில்லை. கை கழுவிவிட்டு வந்து, பொதுவாகச் சுவரைப் பார்த்து, "நாலு பேரு இருக்க வீட்டுல ரெண்டு சீட்டு வண்டி. யார விட்டுட்டுப் போறதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை. வெள்ளி பேசவில்லை. சனி பேசவில்லை. குளித்துவிட்டு வந்து துண்டு எங்கே என்பதைக்கூட மஞ்சுஷாவிடம்தான் கேட்டார்.

முப்பிடாதிக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. சொந்தச் சம்பாத்தியத்தில், ஆசைப்பட்டு, முதல்முதலாக ஒரு பொருள் வாங்குகிறாள். வேண்டாம் என்று விட்டுவிடவும் மனசில்லை. அப்பாவை இப்படி வைத்துக்கொண்டு ஓட்டவும் மனசில்லை. சனிக்கிழமை ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"யம்மா, நாளைக்குக் காலைல வண்டி எடுத்துட்டு வருவேன். எலுமிச்சம்பழம் எல்லாம் வாசல்ல எடுத்து வை. மொத ரவுண்டு அம்மன் கோயிலுக்கு. பக்கத்து சீட்டுல அப்பா ஒக்காரணும். அவரு ஏறாம வண்டி கோயிலுக்குப் போவாது, ஆமா."

"அப்ப நான் டிக்கியிலயா?" என்றாள் வசந்தி.

"ரெண்டாவது ரவுண்டு நீ."

"மூணாவது ஞான்" என்று போர்வைக்குள்ளிருந்து மஞ்சுஷா சீட்டுப் பிடித்தாள்.

"அவரு ஏறலேன்னா?" என்று வசந்தி கேட்டாள். முப்பிடாதி போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு காக்கநாட்டில் பினு சாவியைக் கையில் வைத்தார். ஜன்னலில் அவர் மனைவி குழந்தையின் கையைப் பிடித்து டாட்டா காட்ட வைத்தாள். பினுவுக்குக் கண் கொஞ்சம் கலங்கியது போலிருந்தது, ஆனால் வெயில் நேராக முகத்தில் அடித்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது. முப்பிடாதி கூரையை மடக்கினாள். கண்ணாடியைச் சரி பார்த்தாள். முதல் கியர், கொஞ்சம் கிளட்ச், பன்னிரண்டடி. பிரேக்கை மிதிக்கவில்லை. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

ஐயோ, அந்தப் போக்கு! வைட்டிலாவில் சிக்னலுக்கு நின்றபோது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் குனிந்து அவள் மடியைப் பார்த்தார்கள், அவ்வளவு தாழ்வு. ஒரு டிராபிக் போலீஸ்காரர் லைசென்ஸ் கேட்டார், கொடுத்தாள், "மோள்டெ வண்டியா?" என்றார், "அதே சார், இன்னு முதல்" என்று பெருமையாகத் தலையை ஆட்டினாள். குண்டனூர் தாண்டித் தோப்பும்படிப் பாலத்தின் மேல் ஏறியதும் உப்புக் காற்று முடியைக் கலைத்துப் போட்டது. யாரும் இல்லாத பக்கத்து சீட்டை அவள் அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொண்டாள். சந்தோஷம்தான், அப்பழுக்கில்லாத சந்தோஷம்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவாப் போட்டி" என்று திட்ட ஆள் இல்லை.

அவர்கள் வீடு இருப்பது செரளாயிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில். சந்தின் வாயில் ஒரு சாக்கடை குறுக்கே ஓடும், அதன் மேல் சிலாப். கடல் ஏறுகிற நாட்களில் தோடு என்று சொல்கிற வாய்க்கால்கள் வழியாக உப்புத் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வந்து சந்துக்குள் நிற்கும். வேலியேற்றம் என்பார்கள். அப்போதும் சாக்கடையைத் தாண்ட முடியட்டும் என்று போன வருடம் சந்துக்காரர்களே கைக்காசு போட்டு அந்த சிலாப்பை ஒரு முழம் உயர்த்திக் கட்டினார்கள். நடுவில் புடைத்து, இரண்டு பக்கமும் சரிந்து நிற்கும். ஆட்டோ ஏறி இறங்குகிறது, ஸ்கூட்டர் ஏறி இறங்குகிறது, கேஸ் வண்டியே வருகிறது. தினம் நாலு தடவை அதன் மேல் நடந்துபோகிறவள்தான் முப்பிடாதி. காரின் ஒவ்வொரு கீறலையும் மனப்பாடமாக வைத்திருந்தவள், தன் சந்தின் சிலாப்பை ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

முன் சக்கரம் ஏறியது. இறங்கியது. அப்புறம் அடிவயிற்றில் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. முன்னால் போகவில்லை, பின்னால் வரவில்லை. சிலாப்பின் புடைப்பு மேல் வயிறு உட்கார்ந்துவிட்டது.

ஐந்து நிமிஷத்தில் சந்தே கூடிவிட்டது. வசந்தி கையில் எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி சேச்சி, "அய்யோ, நல்ல சந்தமுள்ள வண்டி" என்று அதன் அழகுக்காக வருந்திக் கன்னத்தில் கை வைத்தாள். செல்லதுரையின் கூட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, கிட்டங்கி லீவு. செல்லதுரை மட்டும் வரவில்லை. நாலாவது வீடு, கதவு திறந்திருந்தது, உள்ளே டிவி ஓடும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் மஞ்சுஷா கீழே காட்டினாள். "சேச்சி, வெள்ளம்."

சாக்கடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு வேலியேற்றம் என்று காலண்டரைப் பார்க்காமலே அங்கே எல்லோருக்கும் தெரியும். இன்னும் அரை மணியில் சிலாப்பின் இரண்டு பக்கமும் முழங்காலளவு உப்புத் தண்ணீர் நிற்கும், அதுவும் மத்தியானம் வரைக்கும். உப்புத் தண்ணீரில் நின்ற கார் என்ன ஆகும் என்று முப்பிடாதிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சைலன்ஸர், பிரேக், அடிச்சட்டம் என்று ஒவ்வொன்றாகத் துருப்பிடித்துக் கடைக்கு வந்த வண்டிகளைத் தன் கையால் கழுவியிருக்கிறாள். அந்தக் கார் அவளுடையதாகி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"தூக்கிரலாம் அக்கா, நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று வசந்தியிடம் சொல்லிக் கைலியை மடித்துக் கட்டினான் ஜிதின், கூட்டத்தில் இளையவன். "டேய், பம்பரப் பிடிங்கடா!"

நாலு பேர் பம்பரைப் பிடித்து ஒரு தம் கொடுத்தார்கள். கிறீச்சென்று பம்பர் நெளிகிற சத்தம்.

"விடுங்க, விடுங்க! அது பைபர், பிஞ்சிரும்!" முப்பிடாதி கத்திய கத்தலில் ஜிதின் கையை எடுத்துவிட்டான். ஆனால் மற்ற பக்கத்து ஆட்கள் விடுவதற்குள் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தொம்மென்று உட்கார்ந்தது. "ஒருத்தன் தூக்கறான், ஒருத்தன் தள்ளறான், இது என்னடே?" என்று ஒருவர். "எல்லாரும் ஒண்ணாப் பிடிக்கணும்" என்று இன்னொருவர். ஆளுக்கு ஒரு யோசனை. தண்ணீர் முன் சக்கரத்தைத் தொட்டுவிட்டது. முப்பிடாதி அவமானத்தையெல்லாம் விட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

நாலாவது வீட்டில் டிவி நின்றது.

செல்லதுரை வந்தார். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார், லீவு நாளில். மகளைப் பார்க்கவில்லை. ஜிதினைப் பார்த்து, "ஏல, மொளவு மூட்டைய வால்ல பிடிச்சா தூக்குவ? இத்தன நாளு என்னத்தப் படிச்ச எங்கிட்ட?" என்றார். பிறகு குனிந்து, கன்னம் சிலாப்பில் படுகிற அளவுக்குக் குனிந்து, வண்டிக்கு அடியில் பார்த்தார். எழுந்து கை மண்ணைத் தட்டினார். மூன்று நாளைக்குப் பிறகு முதல் தடவையாக மகளைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தன கிலோ?"

"எ... எழுநூறு இருக்கும்பா."

"எழுநூறு. பதினாலு மூட்ட மொளவு." கூட்டத்தைக் கண்ணால் எண்ணினார். "நாம பன்னெண்டு பேரு. இதுக்கு எலும்பு எங்க இருக்கு?"

"என்னப்பா?"

"எலும்புட்டி. தாங்குற எடம். எங்க பிடிச்சா ஒடம்பு நோவாது?"

அது அவளுக்குத் தெரியும். முகத்தைத் துடைத்துக்கொண்டு மண்டியிட்டாள். ஜாக்கி வைக்கிற இடங்கள், முன் சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு, பின் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு. நாலையும் விரலால் தொட்டுக் காட்டினாள். "இங்க மட்டும் இரும்புச் சட்டம்பா. மத்த எடமெல்லாம் சும்மா ஓடு மாதிரி."

செல்லதுரை தலையசைத்தார். அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சாரம் கட்ட வைத்திருந்த இரண்டு சவுக்குக் கட்டைகள் கமலாக்ஷி சேச்சி வீட்டுக் கொல்லையிலிருந்து வந்தன. காலிச் சாக்குகளை மடித்து, கட்டை சட்டத்தில் படுகிற இடத்தில் வைத்தார். முன்பக்கம் ஒரு கட்டை, பின்பக்கம் ஒரு கட்டை, குறுக்கே. கட்டைக்கு ஆறு பேர், பக்கத்துக்கு மூன்று பேர்.

"மொதலாளியம்மா வண்டியில ஏறி ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கட்டுமா?" என்று ஜிதின் கிண்டலாகக் கேட்டான்.

"ஒருத்தரும் ஏறக் கூடாது. அவளே ஒரு மூட்ட இருக்கா" என்றார் செல்லதுரை. "பதினாலு மூட்டைக்கு இன்னும் ரெண்டு ஆள் வேணும். வசந்தி, முன்னால வா. முப்பி, நீ பின்னால எங்கூட வா."

வசந்தி எலுமிச்சம்பழத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டைக்குத் தோள் கொடுத்தாள். காலையில் நாலு மணிக்கு எழுந்து பாதி மட்டாஞ்சேரியைப் பெருக்குகிற கை. ஆம்பிளைகளுக்குச் சளைத்ததில்லை.

"உள்ளயா மூப்பரே?" என்று ஒருவர் கேட்டார்.

"வெளிய, ரோட்டுக்கு."

"யப்பா, வீடு உள்ள இருக்கு" என்றாள் முப்பிடாதி.

"உள்ள போனா நாளைக்கு வெளிய வரணும்ல? தெனம் பன்னெண்டு பேரக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லுவியா? பிடிட்டி."

அவள் கட்டையைப் பிடித்தாள். பக்கத்தில் அப்பாவின் தோள். அந்தத் தோளில் சுமை ஏறுவதை அவள் எத்தனையோ தடவை தூரத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பக்கத்தில் நின்று, அதே கட்டையைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை. அவர் மூச்சை இழுத்தார். எல்லோரும் இழுத்தார்கள்.

"முட்டிய மடக்கு! முதுக வளைக்காத! என் வாயப் பாத்துட்டு நிக்காத, சத்தத்தக் கேளு! தாங்கு... தாங்கு... ஹோய்!"

வண்டி எழுந்தது. பதினாலு பேரும் ஒரே ஆளாக எழுந்தார்கள். வயிறு சிலாப்பை விட்டு நாலு விரற்கடை விலகியது. "எடக்கால்! ஹோய்! எடக்கால்! ஹோய்!" ஒவ்வொரு ஹோயுக்கும் ஓரடி. தண்ணீர் கணுக்காலை நனைத்தது. முப்பிடாதிக்குக் கை எரிந்தது, கண் இருட்டியது, விடவில்லை. ஒன்பதாவது ஹோயில் மேட்டுத் தார் ரோடு வந்தது. "எறக்கு, மெள்ள... கொழந்தைய எறக்குற மாதிரி... மெள்ள..." நாலு சக்கரமும் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தன.

சந்து மொத்தமும் கை தட்டியது. கமலாக்ஷி சேச்சி கேனில் சாயா கொண்டுவர ஓடினாள். முப்பிடாதி மறுபடியும் மண்டியிட்டு அடிவயிற்றைப் பார்த்தாள். ஒரு நீளக் கோடு, பெயிண்ட் மட்டும் போயிருந்தது. அவளே பார்த்துச் சரி செய்துவிடுவாள்.  எழுந்து சாக்கடைப் பக்கம் பார்த்தால், சிலாப்பின் உள்பக்கம் முழங்கால் தண்ணீர்.

"நிறுத்த எடம் இல்லியேப்பா" என்றாள். குரல் சின்னதாக வந்தது. "ரோட்டுல போட்டா ஒரே நாள்ல எவனாவது உரசிருவான். நான் இத யோசிக்கவே இல்ல."

"நீ யோசிக்கலேன்னு எனக்குத் தெரியும்" என்றார் செல்லதுரை. சட்டையைக் கழற்றி உதறிப் போட்டுக்கொண்டார். "போட்டோவுல பாக்கையிலேயே தெரிஞ்சுச்சு, இந்த ஒசரத்துக்கு சிலாப்புல ஏறாதுன்னு."

"பின்ன அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா? வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டியா?"

 அவள் தலையைக் குனிந்தாள். அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். பிறகு, யாரோ மூன்றாம் மனுஷருக்குத் தகவல் சொல்வது போலச் சொன்னார்.

"எங்க கிட்டங்கி முத்தத்துல மேட்டுல எடம் கெடக்கு. மேல ஷீட் போட்டது. தண்ணி வராது. மொதலாளிட்ட முந்தாநேத்தே கேட்டு வச்சிருக்கேன். கதவுச் சாவி எங்கிட்டதான் இருக்கு."

முந்தாநாள் வெள்ளிக்கிழமை. அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் துண்டு எங்கே என்று மஞ்சுஷாவிடம் கேட்ட அதே வெள்ளிக்கிழமை. முப்பிடாதி அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையில் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தார், தேவைக்கு மேலேயே துழாவினார்.

"எனக்கு எடம் இல்லாத வண்டிக்கு நான் எடம் பாக்க வேண்டியிருக்கு, என்னத்தச் சொல்ல" என்றார்.

 "யப்பா, ஒங்களுக்கு எடம் இல்லேன்னு யாரு சொன்னா? இருக்கறதே ரெண்டு எடம். ஒண்ணு ஓட்டறவளுக்கு. இன்னொண்ணு ஒங்களுக்குத்தான். நேத்தே அம்மாட்ட சொல்லிட்டேன், கேட்டுப் பாருங்க."

"ஆமா, சொன்னா" என்றாள் வசந்தி. "என்னைய டிக்கியில போடறதாவும் சொன்னா."

கூட்டம் சிரித்தது. செல்லதுரை சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார் என்பது மீசையிலேயே தெரிந்தது. வசந்தி இடுப்பிலிருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்து நாலு சக்கரத்துக்கும் வைத்தாள். கதவை முப்பிடாதி திறந்து பிடிக்கவில்லை. ஏறுங்க என்று கெஞ்சவும் இல்லை. போய் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஏறுவாரா மாட்டாரா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் வராமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழி காட்டணும்ல" என்று செல்லதுரை பொதுவாக எல்லோருக்கும் அறிவித்தார். பஜார் கிட்டங்கிக்கு வழி அந்தச் சந்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர் கதவைத் திறந்தார், ஒரு காலை உள்ளே விட்டார், அவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று எதிர்பார்க்காததால் பொத்தென்று உட்கார்ந்தார். கால் இரண்டும் நீட்டிக்கொண்டது. "படுக்கையில கெடக்க மாதிரி இருக்கு" என்றார்.

நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கின. வண்டி கிளம்பியது.

"மெதுவாப் போட்டி. எடது பக்கம் ஆளு வருது. ஹாரன் அடி." பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிற காருக்கு இவ்வளவு திட்டு தேவையே இல்லை. முப்பிடாதி ஒவ்வொன்றுக்கும் "சரிப்பா" என்றாள். அந்தத் திட்டு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

பஜார் ரோட்டில் ஒரு சாயாக்கடை முன்னால் நின்றவர்கள், "செல்லதுரை அண்ணா!" என்று கூப்பிட்டார்கள். அவர் கையை உயர்த்தினார். கூரை இல்லாததால் உயர்த்திய கை நன்றாகவே தெரிந்தது. அடுத்த கடையில் யாரும் கூப்பிடவில்லை, அங்கேயும் உயர்த்தினார்.

"கொடைக்கு எப்படிப்பா போறது?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டு பேரு கார்ல, ரெண்டு பேரு பஸ்ல" என்றார். யோசித்து வைத்திருக்கிறார், பாருங்கள்! "ஆரியங்காவு வரைக்கும் ஒங்கம்மா ஒக்காரட்டும். மலை இறங்குறது பயமா இருக்குன்னுவா, தென்காசி வரைக்கும் மஞ்சு. அங்கேருந்து ஊரு வரைக்கும் நான்."

"பந்தலுக்கு முன்னால போயி எறங்கறப்ப நீங்கதான் இருப்பீங்க."

"அதுக்கு நான் என்ன செய்ய, அது அப்படி அமையுது" என்றார் செல்லதுரை.

கிட்டங்கியின் பெரிய பச்சைக் கதவு தெரிந்தது. மிளகு வாசனை வந்தது. முப்பிடாதி இன்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டினாள். வீட்டிலிருந்து மூன்றே நிமிஷம். சாவி அவர் கையில்தான் இருந்தது. அவர் இறங்கவில்லை. கதவைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பிறகு சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இங்க எங்கட்டி நிறுத்தற? கோயிலுக்குப் போவணும்னு ஒங்கம்மாட்ட சொன்னேல்ல?" என்றார். "கோயிலு முடிச்சு அப்படியே ஜங்கார் படகுல வண்டிய ஏத்தி அக்கரை வைப்பின் வரைக்கும் போயிட்டு வருவோம். இன்னைக்கு லீவுதான."

"அம்மா காத்துட்டு இருப்பாப்பா. ரெண்டாவது ரவுண்டு."

"இருக்கட்டும். நேராப் போ."